பனி பெய்யாத ஜீவனஹள்ளியில் பனி வாழ்த்து: சாக்பீஸுக்குள் தண்ணீர் இருக்கிறது, தெரியுமா?

பெங்களூருவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை எவ்வளவு தெரியுமா? 7.8 டிகிரி! அதுவும் நேற்று இன்றல்ல, 1884 ஜனவரி 13ஆம் தேதி! 140 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சாதனையை எந்தக் குளிராலும் முறியடிக்க முடியவில்லை. தண்ணீர் உறைய 0 டிகிரிக்கு இறங்க வேண்டும். ஆக, காக்ஸ் டவுனையும் மாருதி சேவா நகரையும் ஒட்டிக் கிடக்கும் ஜீவனஹள்ளியில் வெண்பனி கொட்டியது என்று யாரும் கதைகூட விட முடியாது. ஆனால் டிசம்பர் பிறந்ததும் கடைகளில் தொங்கும் வாழ்த்து அட்டைகளைப் பாருங்கள். பனி மூடிய கூரை, பனி மூடிய பைன் மரம், பனியில் வண்டி இழுக்கும் கலைமான்!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? உலகத்தில் முதன்முதலாக அச்சடித்து விற்ற கிறிஸ்துமஸ் அட்டையில் பொட்டுப் பனி கிடையாது! 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அதிகாரிக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. ஓவிய நண்பர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் சொல்லி ஒரு படம் வரைய வைத்தார். நடுவில் குடும்பம் கூடி விருந்து சாப்பிடுகிறது, இரண்டு பக்கமும் ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் படம். சுமார் ஆயிரம் பிரதி, ஒன்று ஒரு ஷில்லிங். அட்டையில் ஒரு குழந்தை கையில் திராட்சை மது இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் கொந்தளித்தது தனிக்கதை. நமக்குத் தேவையான செய்தி இது: கோடுகள் மட்டும்தான் அச்சு, வண்ணம் ஒவ்வொரு அட்டையிலும் கையால் தீட்டியது. கிறிஸ்துமஸ் அட்டையின் கொள்ளுப்பாட்டியே பாதி கைவேலை!

சரி, இந்த வருஷம் நாமே ஒன்று செய்வோம். தேவையானவை ஒரு ரப்பர், ஒரு பிளேடு, ஒரு டப்பா சாக்பீஸ், கறுப்பு அல்லது கருநீல சார்ட் பேப்பர். செலவு சொற்பம். ஆனால் இந்த நாலு சாமானுக்குள்ளும் ஒளிந்திருக்கும் சங்கதிகள் இருக்கின்றனவே, அப்பப்பா!

முதலில் அட்டையில் நாம் வரையப்போகும் பனித்துகளையே எடுத்துக்கொள்வோம். 1611இல் பிராக் நகரத்தில் ஒரு பெரிய வானியலாளர் தன்னை ஆதரித்த பிரபுவுக்குப் புத்தாண்டுப் பரிசு கொடுக்க நினைக்கிறார். கையில் காசில்லை. பாலத்தின் மேல் நடந்து போகும்போது அவர் கோட்டின் மீது பனித்துகள்கள் விழுகின்றன. எல்லாவற்றுக்கும் ஆறு முனை! ஏன் ஐந்தில்லை, ஏன் ஏழில்லை? வீட்டுக்குப் போய் அதையே ஒரு சிறு நூலாக எழுதிப் பிரபுவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். அவர் யார் தெரியுமா? கோள்களின் பாதை வட்டமில்லை, நீள்வட்டம் என்று கண்டுபிடித்த கெப்ளர்! என்னைக் கேட்டால், குளிர்கால வாழ்த்து வரலாற்றில் இதற்கு மிஞ்சின ஒன்று இன்னும் எழுதப்படவில்லை.

கெப்ளருக்குக் கேள்வி கிடைத்தது, முழு விடை கிடைக்கவில்லை. விடை தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது ஆறு ஆறாகக் கைகோத்து வளையமாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கு வளர வளர வெளியே தெரியும் துகளுக்கும் ஆறு பக்கம். இரண்டு துகள் ஒட்டி வளர்ந்தால் அபூர்வமாகப் பன்னிரண்டு முனை வரும். எட்டு வராது! ஆனால் கடையில் விற்கும் அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள், எட்டு முனைப் பனித்துகள் கொட்டிக் கிடக்கும். காகிதத்தை நாலாக மடித்துக் கத்தரித்தவர்கள் செய்த வேலை அது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி இருந்தார். 1885 ஜனவரி 15 அன்று, இன்னும் இருபது வயதுகூட நிரம்பாத பையன், நுண்ணோக்கியையும் புகைப்படப் பெட்டியையும் இணைத்து ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். வாழ்நாள் முழுக்க 5,000க்கு மேல் படங்கள்! 1931இல் அவர் புத்தகம் வெளிவந்தது. அதே வருஷம் டிசம்பரில் பனிப்புயலில் நடந்து வந்தவர் நிமோனியா கண்டு இறந்துபோனார். அடுத்து ஜப்பான்காரர் உகிச்சிரோ நாகாயா. 1936இல் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே பனித்துகள் வளர்த்துக் காட்டினார். எதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது தெரியுமா? ஒரு முயல் முடியை! மைனஸ் 15 டிகிரியை ஒட்டி வளர்ந்தால் நாம் அட்டையில் போடும் இறகு இறகான நட்சத்திரம், மைனஸ் 5ஐ ஒட்டி வளர்ந்தால் வெறும் ஊசி என்று குளிரும் வடிவும் சேரும் கணக்கையும் அவர் சொல்லிவிட்டார்.

இப்போது வருகிறது எனக்கு மிகவும் பிடித்த இடம். கெப்ளருக்கும் பென்ட்லிக்கும் தெரியாத ஒரு வித்தை ஜீவனஹள்ளியில் மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும் எந்த அக்காவுக்கும் தெரியும். "7 புள்ளி, இடைப்புள்ளி, 4இல் நிறுத்தவும்." பத்திரிகைக் கோலப் பக்கத்தில் இப்படித்தானே போடுவார்கள்? நடு வரிசையில் 7 புள்ளி. அதற்கு மேலும் கீழும், இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒன்றாக, 6, பிறகு 5, பிறகு 4. மொத்தம் 37 புள்ளி. வெளிப்புள்ளிகளை மட்டும் இணைத்துப் பாருங்கள், அச்சு அசலான அறுகோணம்! நடுப்புள்ளியிலிருந்து ஆறு மூலைக்கும் ஆறு கோடு இழுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் இரண்டு புள்ளியில் கிளை வையுங்கள். பென்ட்லியின் புத்தகத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி ஒரு பனித்துகள்! 15 புள்ளி 8 வரை என்று பெரிய கோலம் போடுகிறவர்கள் பெரிய அறுகோணம் போடுகிறார்கள். நேர்ப்புள்ளி வைத்தால் இது வராது, சதுரம்தான் வரும். இடைப்புள்ளிதான் பனிக்கட்டியின் கணக்கு.

கோலத்துக்குள் கணக்கு இருப்பதை நாம் மட்டும் சொல்லவில்லை. தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதி, கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து 1974இல் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் கட்டுரையாகவே எழுதிவிட்டார்கள். ஒரு கோலத்தைச் சின்னச் சின்ன விதிகளாகப் பிரித்தால் கணினிக்கும் போடக் கற்றுக்கொடுக்கலாம் என்பது சாரம். நம் வாசலிலிருந்து உலகக் கணினி ஆய்விதழ்களுக்குப் போன சங்கதி!

பனித்துகளை வரைந்தாயிற்று. எதால் வரைவது? சாக்பீஸால். அது வெறும் வெள்ளைப் பொடி என்று நினைத்துவிடாதீர்கள்.

சாக்பீஸ் இரண்டு வகை. ஒன்று சுண்ணக்கல் வகை. பல கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் நடமாடிய கிரெட்டேஷியஸ் காலத்தில், கடலில் மிதந்த கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் தங்கள் உடம்பைச் சுற்றி வட்ட வட்டமான சுண்ணாம்புத் தகடு கட்டிக்கொண்டன. செத்ததும் தகடுகள் கடலடியில் விழுந்தன. விழுந்து விழுந்து மலையாயின. இங்கிலாந்தின் டோவர் கடற்கரையில் நிற்கும் வெள்ளைப் பாறைச் சுவர் முழுக்க அந்த எலும்புக்கூடுதான்! 1868இல் தாமஸ் ஹக்ஸ்லி நாரிச் நகரத் தொழிலாளர்கள் முன் ஒரு துண்டு சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு பூமியின் சரித்திரத்தையே சொல்லிக் காட்டினார். அறிவியல் பேச்சு என்றால் அப்படி இருக்க வேண்டும்!

இரண்டாவது வகைதான் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அதிகம் புழங்குவது, ஜிப்சம். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால் அதனுள் இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு ஓடிவிடும். மிஞ்சுவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்து அச்சில் வார்த்தால், ஓடிப்போன தண்ணீரைத் திரும்பப் பிடித்து உள்ளே பூட்டிக்கொண்டு கல்லாகிறது. எவ்வளவு தண்ணீர் தெரியுமா? சுத்த ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே! தொட்டால் விரல் வறண்டுபோகும் அந்தக் குச்சிக்குள் அத்தனை தண்ணீர். அட்டையில் நீங்கள் சாக்பீஸால் பனி வரைந்தால், அந்தப் பனியில் நிஜமாகவே தண்ணீர் இருக்கிறது!

உங்கள் சாக்பீஸ் எந்த வகை? ஒரு துண்டின் மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணம், சும்மா கிடந்தால் ஜிப்சம். முட்டை ஓட்டின் மேலும் பிழிந்து பாருங்கள், பொங்கும்.

கடலடிக் கதைக்கு டோவர் வரை போக வேண்டியதில்லை என்பது தெரியுமா? அரியலூர், பெரம்பலூர் பக்கம் முழுக்க அந்தக் காலத்தில் கடல்! காரை என்ற ஊருக்கு வெளியே செம்மண்ணும் சாம்பல் மண்ணும் அரித்து அரித்துக் கிடக்கும் பொட்டல் ஒன்று உண்டு. அந்தக் களிமண்ணுக்குள் கண்ணாடிச் சில்லு மாதிரி பளபளக்கும் ஜிப்சம் வரிவரியாக ஓடுகிறது. பக்கத்திலேயே சுருள் சங்கு போன்ற அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அரியலூர் அருகே வாரணவாசியில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணமும் அந்தப் பழைய கடல் விட்டுப்போன சுண்ணக்கல்தான்.

இன்னொன்று கேளுங்கள், இதுதான் உச்சம்! தூய ஜிப்சம் படிகத்துக்கு நிறமே கிடையாது. தூய சுண்ணப் படிகத்துக்கும் கிடையாது. பனிக்கட்டிக்கும் கிடையாது. பிறகு எப்படி எல்லாம் வெள்ளை? நொறுங்கித் துகளானதும் ஒவ்வொரு துகளின் ஓரத்திலும் காற்றும் படிகமும் சந்திக்கும் இடத்தில் ஒளி சிதறுகிறது. எல்லா நிறமும் சமமாகச் சிதறிக் கண்ணுக்கு வருவதால் வெள்ளை. சிம்லாவில் விழும் பனி எந்தக் காரணத்தால் வெள்ளையோ, அதே காரணத்தால்தான் ஜீவனஹள்ளி அட்டையில் தேய்த்த சாக்பீஸும் வெள்ளை. பனிக்குப் பதிலாகப் பஞ்சு ஒட்டுகிறார்கள், ஜிகினா தூவுகிறார்கள். அவற்றையெல்லாம்விடச் சாக்குக்குத்தான் பனியாக வேஷம் கட்ட முழு உரிமை உண்டு.

சாக்பீஸ் மோகம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு துணுக்கு. ஜப்பானின் ஹாகோரோமோ கம்பெனி 2015இல் மூடப்போகிறது என்றதும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள்! பிறகு ஒரு கொரியக்காரர் அந்த இயந்திரங்களை வாங்கிக்கொண்டு போய்த் தயாரிப்பைத் தொடர்ந்தார்.

அடுத்து முத்திரை. இதில் நாமும் உலகத்தின் சீனியர்களில் ஒருவர். சிந்துவெளி மக்கள் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே சுமார் ஓர் அங்குலச் சதுரத்தில் ஒற்றைக் கொம்பு மிருகத்தையும் மேலே ஒரு வரி எழுத்தையும் செதுக்கி, ஈரக் களிமண்ணில் குத்தியிருக்கிறார்கள். குஜராத்தின் லோத்தலில் கிடைத்த களிமண் பதிவுகளின் பின்பக்கத்தில் கயிற்றுத் தடமும் துணியின் நெசவுத் தடமும் இருக்கின்றன. சரக்கு மூட்டையைக் கட்டி, முடிச்சின் மேல் களிமண் அப்பி, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். அந்த எழுத்துகளுக்கெல்லாம் 1977இல் தொகுப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தவர் நம் ஐராவதம் மகாதேவன்.

அந்த முத்திரைகள் எந்தக் கல்லில் செதுக்கியவை தெரியுமா? மாக்கல்லில்! நகத்தால் கீறினாலே கோடு விழும் கல். செதுக்கி முடித்துச் சூளையில் சுட்டால் வெளுத்து இறுகிவிடும். சிலேட்டில் எழுதிய பலப்பமும் அந்தக் குடும்பம், பாட்டி வீட்டுக் கல்சட்டியும் அந்தக் குடும்பம், 1117இல் எழுப்பத் தொடங்கிய பேலூர் சென்னகேசவர் கோயில் சிற்பங்களின் ஜிமிக்கியும் வளையலும் அத்தனை நுணுக்கமாக வந்ததும் அதே குடும்பத்துக் கல்லால்தான். எழுதும் குச்சியும் குத்தும் முத்திரையும் ஒரே கல்லிலிருந்து வந்த நாடு இது. ஸ்டாம்ப்பும் சாக்கும் வைத்து அட்டை செய்வது வெளிநாட்டுப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் பேலூருக்கு பஸ் ஏற்றிவிடுங்கள்.

நமக்குக் கல் வேண்டாம், பென்சில் ரப்பர் போதும். ரப்பர் வருவதற்கு முன் பென்சில் கோட்டை எதால் அழித்தார்கள் தெரியுமா? ரொட்டியால்! 1770இல் லண்டனில் எட்வர்ட் நைர்ன் என்ற கருவி வியாபாரி ரப்பர்க் கட்டியை விற்கத் தொடங்கும் வரை ரொட்டித்துண்டுதான். ஆனால் அன்றைய ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய பிறகுதான் ரப்பர் ஸ்டாம்ப் என்ற ஒன்றே சாத்தியமானது. இன்று ஸ்டேஷனரி கடையில் வாங்கும் வெள்ளை ரப்பர் பெரும்பாலும் ரப்பரே இல்லை, வினைல் பிளாஸ்டிக். அதனால்தான் பிளாஸ்டிக் ஸ்கேலோடு பெட்டியில் போட்டு வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்கின்றன. நமக்கு அது நல்லதே, வெண்ணெய் வெட்டுவது போல பிளேடு இறங்கும்.

செய்முறைக்கு வருவோம். சொன்ன 37 புள்ளியெல்லாம் ரப்பரில் கொள்ளாது. 5 புள்ளி, இடைப்புள்ளி, 3இல் நிறுத்துங்கள். சின்னத் தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, ரப்பரின் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இறங்கிவிடும். கோட்டின் இரு பக்கமும் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சீவி எடுங்கள். நேராக வெட்டினால் கோட்டுக்கு அடியில் தாங்கல் இல்லாமல் சீக்கிரம் மடங்கிவிடும். சாய்த்து வெட்டினால் அடி அகலமாக நிற்கும். சிறுவர்கள் செய்தால் பிளேடு பெரியவர்கள் கையில் இருக்கட்டும். பாட்டில் மூடியில் ஒட்டிக்கொண்டால் பிடி தயார். பெயர் எழுத நினைப்பவர்கள் ஜாக்கிரதை, முத்திரையில் எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்க வேண்டும். "ப" திரும்பினாலும் தப்பித்துவிடும், "ட" திரும்பினால் மாட்டிக்கொள்ளும், "ழ" மாட்டவே மாட்டும். கவிழ்த்துத் தேய்க்கும் முறையில் அது தானாகவே திரும்பிவிடும், அதற்காகவே அந்த முறை.

இனி மாயாஜாலம். வழக்கமான ஊதா ஸ்டாம்ப் பேடில் மை ஏன் மாதக்கணக்கில் காயாமல் இருக்கிறது தெரியுமா? கிளிசரின் போன்ற, காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் திரவம் அதில் சேர்ந்திருப்பதால்! நாம் மையை விட்டுவிட்டுக் கிளிசரினை மட்டும் எடுத்துக்கொள்வோம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். மடித்த பழைய பனியன் துணியில் சில சொட்டு விட்டு, அதே அளவு தண்ணீர் சேர்த்து ஊற விடுங்கள். அதுதான் பேட். ரப்பரை அதில் ஒற்றி, கருநீல சார்ட்டின் மேல் குத்துங்கள். ஒன்றுமே தெரியாது! சாய்த்துப் பார்த்தால் லேசான மினுமினுப்பு இருக்கும், அவ்வளவுதான். ஈரக் கறை தெரிந்தால் கிளிசரின் அதிகம் என்று அர்த்தம். இப்போது சாக்பீஸை டீ வடிகட்டியில் தேய்த்துச் சலித்த பொடியைப் பஞ்சில் தொட்டு, அந்த இடத்தில் மெல்ல ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றணும். எங்கே முத்திரை பட்டதோ அங்கே மட்டும் பொடி பிடிக்கிறது. அட்டையைத் தட்டினால் மிச்சம் உதிர்ந்துவிடும். ஒன்றுமில்லாத கருநீலத்திலிருந்து வெள்ளைப் பனித்துகள் எழுந்து வரும் அந்த நொடிக்காகவே இதைச் செய்யலாம்! வாயால் மட்டும் ஊதாதீர்கள், பொடி மூக்குக்குள் போய்விடும்.

வெள்ளை அட்டையில் இந்த வித்தை பலிக்காது. அதற்குக் கலர் சாக் வேண்டும். கரும்பலகைக் கலர் சாக்பீஸ் வெளிறித்தான் இருக்கும், ஓவியக் கடையில் விற்கும் பேஸ்டல் குச்சியில் நிறமி அதிகம், பசை குறைவு என்பதால் அடர்த்தியாகப் பிடிக்கும். வழவழப்புத் தாளில் எதுவும் நிற்காது. சொரசொரப்பு வேண்டும். புதுச்சேரியில் 1959 முதல் இயங்கும் அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத் தொழிற்கூடத்தின் பருத்திக் காகிதம் கிடைத்தால் சாக்குக்கு அது ராஜ பீடம்.

வரைந்த சாக் உதிராமல் இருக்க என்ன செய்யலாம்? பள்ளிக்கூட வழி ஒன்று, சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து வரைவது. நிறம் பளிச்சென்று வரும், காய்ந்ததும் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் எறும்பு வரும்! வாழ்த்து அட்டையைத் திறந்ததும் எறும்பு வரிசை போனால் பெறுகிறவர் என்ன நினைப்பார்? பால் தேவலை. வான்கோ தன் பென்சில் சித்திரங்கள் கலையாமலிருக்கப் பாலும் தண்ணீரும் கலந்து தெளித்தவர் என்பது தெரியுமா? பாலில் இருக்கும் கேசீன் புரதம்தான் பசை.

ரப்பர் வெட்டப் பொறுமை இல்லையா? சமையலறைக்குப் போங்கள். காலிஃபிளவரை நெடுக்காகப் பிளந்து குத்தினால் மரம். நிலக்கடலைத் தோலைக் குத்தினால் வலைப்பின்னல். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்; ஆனால் எண்ணிப் பாருங்கள், வழக்கமாக ஐந்து முனை. பெத்லகேம் நட்சத்திரமாக அது ஜம்மென்று இருக்கும், பனித்துகளாக அதைக் குத்தினால் கெப்ளர் கோபித்துக்கொள்வார்.

அதைவிட ஒரு படி மேலே அச்சு முறுக்கு அச்சு! டிசம்பர் வந்தால் பெங்களூருவின் பழைய கன்டோன்மென்ட் பகுதி வீடுகளில் கல்கலாவும் ரோஸ் குக்கீஸும் சுடாத கிறிஸ்தவக் குடும்பம் அரிது. ரோஸ் குக்கீஸ் என்பது நம் அச்சு முறுக்குதான். நீளக் காம்பின் முனையில் பூ மாதிரி இரும்பு வளையம். அதே வடிவத்தில், அதே மாதிரி இரும்பு அச்சை மாவில் முக்கி எண்ணெயில் இறக்கி, நார்வேயிலும் ஸ்வீடனிலும் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுடுகிறார்கள், தெரியுமா? பனி கொட்டும் ஊரும் பனி பார்க்காத ஊரும் ஒரே அச்சு! அச்சை அட்டையின் மேல் வைத்து, சுற்றியும் இடுக்கிலும் பஞ்சால் சாக்பொடியை ஒற்றி எடுத்தால் கறுப்புக் கோடுகளில் பூ நிற்கும்.

"ஆன்ட்டி, உங்க முறுக்கு அச்சு ஒரு நாளைக்குத் தர்றீங்களா?"

"எண்ணெய்ச் சட்டி வைக்கப் போறியா கண்ணு?"

"இல்ல ஆன்ட்டி, கார்டு பண்ண."

இப்படிக் கேட்டு வாங்கினால் முதல் வேலையாகச் சீயக்காய் போட்டுக் கழுவிக் காய வையுங்கள். எத்தனையோ டிசம்பர்களின் எண்ணெய் அதில் ஊறியிருக்கும். அட்டையில் வட்டம் போட்டுவிடும்.

ஒரு யோசனை, நிர்ப்பந்தமில்லை. பனித்துகளோடு நம் குளிர்காலத்தையும் அட்டையில் ஏற்றினால் என்ன? தமிழ்க் கணக்கில் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். பெங்களூருவில் அதையும் அதை ஒட்டிய மாதங்களிலும் என்னென்ன நடக்கிறது பாருங்கள். பசவனகுடியில் கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று கடலைக்காய்ப் பரிஷை, தெரு முழுக்க நிலக்கடலைக் குவியல். அப்புறம் மொச்சை சீசன், ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பில் குழம்பு வைக்காத வீடு உண்டா? தென்னமெரிக்காவிலிருந்து வந்த டபேபுயா மரங்கள் இலையுதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்து, பூவை நடைபாதையில் கொட்டுகின்றன. 1908இல் லால்பாகுக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் க்ரும்பிகல், வருஷத்தின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்கும்படி நகரத்துக்குத் திட்டம் போட்டவர்! 1980களில் வனத்துறை அதிகாரி நெகினஹால் தலைமையில் இந்நகரில் நட்ட மரங்கள் சுமார் 15 லட்சம்! கடலைத் தோலால் வலை, மொச்சைக்காயை மையில் ஒற்றிக் காய், சிவப்பு சாக்கோடு வெள்ளை கலந்து தேய்த்த பூ மெத்தை. தேவனஹள்ளி விமான நிலையத்தில் விமானங்களைத் தாமதமாக்கும் விடியல் மூடுபனி வேண்டுமா? வெள்ளைச் சாக்கைப் படுக்க வைத்து ஒரு இழுப்பு இழுத்து விரலால் கலைத்தால் ஆயிற்று.

கைவேலை அட்டைக்கு என்ன மதிப்பு என்பவர்களுக்கு: 1949இல் யுனிசெஃப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டையின் ஓவியர் செக்கோஸ்லோவாகியாவின் ஏழு வயதுச் சிறுமி யிட்கா சம்கோவா. போரில் நொறுங்கிய கிராமத்தில் காகிதம் கிடைக்காததால் கண்ணாடிச் சில்லில் வரைந்தாள்! 1979இல் ரிப்பன் கபூர் கையில் 50 ரூபாயோடு தொடங்கிய 'க்ரை' அமைப்பும் வாழ்த்து அட்டை விற்றுத்தான் வளர்ந்தது.

நம்மவர்களுக்குக் குளிர்கால அட்டை என்றால் பொங்கல் வாழ்த்துதான். சிவகாசி அச்சகங்களில் அடித்துக் குவித்த எம்.ஜி.ஆர்., சிவாஜி, கரும்பு, காளை, பொங்கல் பானை. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் காலண்டருக்காக வரைந்த தெய்வங்களின் சாயல் அவற்றிலும் உண்டு. உறையின் வாயை ஒட்டாமல் செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால் செலவு குறையும் என்பதால் அந்தக் காலத்தில் பாதி உறைகள் வாய் திறந்தேதான் பயணம் போயின. பெங்களூரு கன்டோன்மென்ட்டுக்கும் ஜோலார்பேட்டைக்கும் ரயில் வந்தது 1864இல். ஜீவனஹள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் பெங்களூரு கிழக்கு நிலையம் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்த பொங்கல் வாழ்த்துகளுக்கு அதுதானே வழி!

இங்கிலாந்து அட்டைகளில் மட்டும் ஏன் எப்போதும் ஒரு செம்மார்புக் குருவி அலகில் கடிதத்தோடு நிற்கிறது தெரியுமா? விக்டோரியா காலத் தபால்காரர்களின் சட்டை சிவப்பு. ஜனங்கள் அவர்களை அந்தக் குருவி பேர் சொல்லியே கூப்பிட்டார்கள். அதனால் குருவி தபால்காரர் ஆகிவிட்டது. நம் காக்கிச் சட்டைக்கு ஏற்ற பறவையை நீங்களே தேர்ந்தெடுங்கள், என் ஓட்டு மைனாவுக்கு.

அட்டை தபாலில் போகிறது என்றால் சாக் பட்ட பக்கத்தின் மேல் ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள். பொத்தான், மணி, குச்சி எதையும் ஒட்டாதீர்கள். தபால் நிலையத்தில் உறையின் மேல் முத்திரை ஓங்கி விழும்போது எல்லாம் நொறுங்கும். கிறிஸ்துமஸுக்கு என்றால் டிசம்பர் மூன்றாம் வாரம் வரை காத்திருக்க வேண்டாம், கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

உறையே வேண்டாம் என்பவர்களுக்குக் கடைசி ஆச்சரியம். இந்தியாவில் தபால் அட்டை 1879 ஜூலை 1 அன்று காலணா விலையில் வந்தது. இன்று 50 பைசா! அதன் பின்பக்கத்தில் ரப்பர் முத்திரையை ஊதா மையில் ஒற்றுங்கள், சாக் மட்டும் வேண்டாம், வழியிலேயே உதிர்ந்துவிடும். முகவரிப் பக்கத்தில் குத்திவிடாதீர்கள், பின்கோடு மறைந்தால் அட்டை ஊர் சுற்றும்.